ரவுட்டரைத் திட்டுவதற்கு முன்: ஆன்டெனாவின் இடக்கோளாறுகளை அறிகுறி வழியாகப் பிடிப்பது

பெரும்பாலான வீடுகளில் ரவுட்டருக்கு இடம் பார்த்தது வீட்டுக்காரர் இல்லை. இணைப்புக் கொடுக்க வந்தவர், கேபிள் எந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்ததோ அங்கேயே, கைக்கு எட்டிய ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருப்பார். வாசல் மூலை, மீட்டர் பெட்டிக்குப் பக்கம், தொலைக்காட்சிக்குப் பின்னால் என்று ஏதோ ஓர் இடம். அங்கிருந்து வீட்டின் கடைசி அறைவரை சிக்னல் போய்ச் சேர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். போய்ச் சேராதபோது வேகமான திட்டத்துக்கு மாறுகிறோம். அதுவும் சரிப்படாவிட்டால் புது ரவுட்டர் வாங்கி, அதே ஆணியில் மாட்டுகிறோம்.

"வைஃபை சரியில்லை, வந்து பார்" என்று யாராவது கூப்பிட்டால் நான் எடுத்துப் போவது மூன்று பொருள்கள்: நீளமான ஒரு லேன் கேபிள், ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி, சிக்னல் அளக்கும் செயலி போட்ட பழைய கைபேசி. ரவுட்டரை இருக்கும் ஆணியிலிருந்து விடுவித்து வீட்டுக்குள் நடமாட வைக்கத்தான் முதல் இரண்டும். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் அதற்குமேல் எதுவும் தேவைப்பட்டதில்லை.

முதலில் கேபிள், பிறகு காற்று

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றுதான். மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் நேரடியாக இணைத்து அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். அப்போதும் அதே மந்தம் என்றால் கோளாறு காற்றில் இல்லை. ஆன்டெனாவை எங்கே நகர்த்தியும் பயனில்லை, இணைப்புத் தந்தவரைத்தான் கேட்க வேண்டும். கேபிளில் நன்றாக ஓடி, வைஃபையில் மட்டும் திணறினால் தொடர்ந்து படியுங்கள்.

கேபிள் செருக வழியில்லாத கருவி என்றால், ரவுட்டரின் சொந்த முகவரிக்குப் பிங் (பதில் எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளக்கும் சிறு செய்தி) அனுப்பிப் பார்க்கலாம். நல்ல இடத்தில் பதில் சில மில்லிவினாடிகளில் வந்துவிடும். 3, 4 என்று வந்துகொண்டிருப்பது திடீரென 180, 400 என்று தாவினால், அல்லது நடுவே பதிலே வராமல் போனால், தடுமாற்றம் உங்களுக்கும் ரவுட்டருக்கும் இடையிலேயே நடக்கிறது. வெளியே உள்ள இணையத்துக்கு இதில் பங்கில்லை.

அடுத்து, கோடுகளை நம்புவதை விட்டுவிடுங்கள். கைபேசியின் மூலையில் தெரியும் அந்த மூன்று வளைகோடுகளை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வரைகிறார். நமக்கு வேண்டியது, வந்துசேரும் சிக்னலின் வலுவைக் காட்டும் டிபிஎம் எனப்படும் எண். ஆண்ட்ராய்டு கைபேசியில் வைஃபை அளக்கும் இலவசச் செயலி எதுவாக இருந்தாலும் இதைக் காட்டும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி மேலே உள்ள வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் சிக்னலும் இரைச்சலும் (அதில் குறுக்கிடும் வேண்டாத அலைகள்) தனித்தனியே தெரியும்.

எண் எப்போதும் கழித்தல் குறியோடு வரும். சுழியத்துக்கு அருகே இருக்க இருக்க நல்லது. ரவுட்டரை ஒட்டி நின்றால் −30 அளவில் இருக்கும். −50 மிக நன்று. −67 வரை வீடியோ அழைப்பு உறுத்தாமல் ஓடும். −70க்குக் கீழே இறங்கினால் பொறுமை சோதிக்கப்படும். −80இல் நெட்வொர்க்கின் பெயர் தெரியும், வேறொன்றும் நடக்காது. இந்த அளவுகோல் சீரானதல்ல என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 3 குறைந்தால் வந்துசேரும் ஆற்றல் பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. −60க்கும் −70க்கும் இடையே இருப்பது சிறு வித்தியாசம் போலத் தோன்றும். உண்மையில் அது பத்து மடங்கு.

ஒரு தாளில் வீட்டின் தரைப்படத்தைக் குத்துமதிப்பாக வரைந்து, நீங்கள் உட்காரும், படுக்கும், வேலை செய்யும் இடங்களில் மட்டும் எண்ணைக் குறியுங்கள். கைபேசியை ஒவ்வோர் இடத்திலும் ஒரே விதமாகப் பிடித்து, பத்து வினாடி காத்திருந்து எழுதுங்கள். உங்கள் உடம்பு ரவுட்டருக்கும் கைபேசிக்கும் நடுவே வராமல் நில்லுங்கள். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீருக்கு இந்த அலைகளை விழுங்கும் பழக்கம் உண்டு. ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு வைஃபை அலைவரிசைகளும் ஒரே பெயரில் இருந்தால், சோதனை முடியும்வரை வெவ்வேறு பெயர் கொடுத்துவிடுங்கள். எதை அளக்கிறோம் என்று தெரியாமல் அளப்பதில் பயனில்லை.

அறிகுறி: ரவுட்டர் இருக்கும் அறையிலேயே மந்தம்

எண் −40 என்று அழகாக இருக்கும், ஆனால் படம் நின்று நின்று ஓடும். இங்கே சிக்னல் வலுவுக்குக் குறைவில்லை. இரைச்சல் அதிகம், அல்லது ரவுட்டர் மூச்சுத் திணறுகிறது.

ரவுட்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள். கதவடைத்த அலமாரிக்குள் துணி போர்த்தி வைத்த ரவுட்டரை நானே பார்த்திருக்கிறேன். தூசி படாமல் இருக்கவாம். சூடு ஏறினால் வேகம் குறையும், சில ரவுட்டர்கள் தாமாகவே அணைந்து மீளும். பிறகு அதன் பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். யுஎஸ்பி 3.0 வகை வெளி ஹார்ட் டிஸ்கும் அதன் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சலைக் கக்கக்கூடியவை. ரவுட்டரின் முதுகில் ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். தொலைக்காட்சியின் பின்புறம் இன்னொரு மோசமான இடம்: ஒரு பக்கம் முழுதும் உலோகத் தகடு, சுற்றிலும் கம்பிக் காடு.

இதெல்லாம் இல்லையென்றால், அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எந்தச் சேனல்களில் (அலைவரிசையைப் பிரித்த எண்ணிட்ட பகுதிகள்) இருக்கின்றன என்று அந்தச் செயலியில் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். 3, 4, 8 என்று இடையில் உள்ளதைத் தேர்ந்தால் இரண்டு பக்கத்துக் கூட்டத்தோடும் மோதுவீர்கள். "காலியாக இருக்கிறதே" என்று 4ஆம் சேனலுக்குப் போவது இரண்டு சண்டைக்கு நடுவே பாய் விரித்துப் படுப்பதற்குச் சமம்.

அறிகுறி: ஓர் அறையில் மட்டும் செத்துக் கிடக்கிறது

அதிகம் வரும் புகார் இதுதான், இடம் மாற்றினால் அதிகம் பலன் தருவதும் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நீங்கள் வரைந்த தரைப்படத்தை எடுங்கள். ரவுட்டர் இருக்கும் புள்ளியிலிருந்து செத்த அறையில் நீங்கள் உட்காரும் புள்ளிக்கு அளவுகோல் வைத்து ஒரு நேர்கோடு போடுங்கள். சிக்னல் நடைபாதை வழியாகத் திரும்பித் திரும்பி வரும் என்றுதான் நம் மனம் நினைக்கிறது, ஏனென்றால் நாம் அப்படித்தான் அந்த அறைக்குப் போகிறோம். அலைக்கு அந்தப் பழக்கம் இல்லை. திறந்த வாசல் வழியாகச் சிறிது சிதறி வரும் என்றாலும், முக்கியப் பங்கு இந்த நேர்கோட்டில்தான் வரப் பார்க்கும். ஆகவே அந்தக் கோடு எதையெல்லாம் வெட்டுகிறது என்று எண்ணுங்கள்.

மரக்கதவும் மெல்லிய பலகைத் தடுப்பும் பெரிய தொல்லை தருவதில்லை. செங்கல் சுவர் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கான்கிரீட் அதைவிடப் பல மடங்கு விழுங்கும், உள்ளே கம்பி வலை இருந்தால் இன்னும் மோசம். உலோகம் விடவே விடாது. இரும்பு அலமாரி, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், மின்தூக்கியின் கூண்டு எல்லாம் இந்தக் கணக்கில் சுவரைவிடப் பெரிய சுவர்கள். மீன்தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் அலையை உறிஞ்சிக்கொள்ளும். யாரும் சந்தேகப்படாதவை இரண்டு உண்டு. ஒன்று நிலைக்கண்ணாடி, அதன் முதுகில் பூசியிருக்கும் மெல்லிய வெள்ளிப் பூச்சோ அலுமினியப் பூச்சோ அலையின் கண்ணுக்கு உலோகத் தகடுதான். மற்றொன்று, வெப்பம் தடுக்கும் பூச்சு போட்ட ஜன்னல் கண்ணாடி. வெளிச்சத்தை விட்டுவிட்டு சிக்னலைத் தடுத்துவிடும்.

குளியலறையும் சமையலறையும் கோட்டின் நடுவே வந்தால் அந்தக் கோட்டைக் கைவிட்டுவிடுங்கள். ஓடு, குழாய், கண்ணாடி, தண்ணீர், பெரிய உலோகப் பெட்டிகள் என்று எல்லாத் தடைகளும் அங்கே ஒன்றுகூடியிருக்கும்.

அடுத்து கோணம். கோடு சுவரை நேராகக் குத்துகிறதா, சாய்ந்து உரசுகிறதா? தாளில் அளந்து பாருங்கள்: 20 செ.மீ. சுவரை நேராகக் கடக்கும் கோட்டுக்குச் சுவருக்குள் 20 செ.மீ. பயணம், அதுவே 60 டிகிரி சாய்ந்தால் 40 செ.மீ. அலை உள்ளே நுழையும்போது சற்று வளைந்துகொள்வதால் உண்மைக் கணக்கு அவ்வளவு கொடியதில்லை. ஆனால் மிகவும் சாய்ந்து வரும் அலையில் பெரும்பங்கு சுவரின் முகத்திலேயே பட்டுத் தெறித்துப் போய்விடும், உள்ளே நுழையவே நுழையாது. ஒரே சுவரில் மாட்டிய ரவுட்டர், அதே சுவரையொட்டிய அடுத்தடுத்த அறைகளில் மங்கிப்போவதற்கு இதுதான் காரணம்: கோடு சுவரின் உடம்புக்குள்ளேயே நீளவாக்கில் ஓடுகிறது.

இப்போது அளவுகோலைத் தாளில் வைத்தபடி மறுமுனையை, அதாவது ரவுட்டரை, நகர்த்திப் பாருங்கள். உலோகத்தைத் தவிர்த்து, சுவர்களைக் கூடியவரை நேராகக் கடக்கும் ஒரு புள்ளி கிடைக்கும். பெரும்பாலும் அது வீட்டின் நடுப்பகுதியில் ஒரு வாசல்நிலைக்கு அருகே இருக்கும். வீட்டின் ஓரத்தில் மாட்டிய ரவுட்டர் தன் சிக்னலில் பாதியைத் தெருவுக்குத் தானம் செய்கிறது என்பதும் அப்போது தாளிலேயே தெரியும். எக்ஸ்டென்ஷன் பெட்டியையும் நீண்ட கேபிளையும் வைத்து ரவுட்டரைத் தற்காலிகமாக அங்கே ஒரு நாற்காலிமேல் ஏற்றி, எண்களை மறுபடி எழுதுங்கள். சுவரில் துளை போடுவது அதற்குப் பிறகுதான்.

உயரத்தை மறக்க வேண்டாம். தரையில் கிடக்கும் ரவுட்டரின் அலை முதலில் நாற்காலிக் கால்களையும் கட்டிலையும் அலமாரிகளின் அடிப்பாகத்தையும் தாண்டியாக வேண்டும். தலைமட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால் அறைக்கலன்கள் எல்லாம் கீழே நின்றுவிடும். அந்தச் செத்த அறை மிகத் தொலைவில் இருந்தால், அதில் உள்ள கருவிகளை மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். வேகத்தில் அது இளைத்தது. சுவர் தாண்டுவதில் 5 கிகாஹெர்ட்ஸை எளிதில் வெல்லும்.

அறிகுறி: நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினால் வருகிறது, போகிறது

ஒரு சாண் இந்தப் பக்கம் நல்ல வேகம், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. பேய் வேலை போல இருக்கும். நேராக வரும் அலையும், சுவரிலோ அலமாரியிலோ பட்டுத் தெறித்து வரும் அலையும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. இரண்டின் மேடும் மேடும் சேர்ந்தால் சிக்னல் ஏறும். மேடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ. என்பதால் இந்தப் பள்ளங்கள் ஏறத்தாழ 6 செ.மீ. இடைவெளியில்கூட அமையலாம். 5 கிகாஹெர்ட்ஸில் இடைவெளி அதில் பாதிதான்.

தீர்வு மிக மலிவானது: ரவுட்டரை மூன்று விரற்கடை நகர்த்துங்கள். நகர்த்தி, கையை எடுத்து, இரண்டு அடி பின்னால் வந்து, பத்து வினாடி நின்று அளந்துவிட்டு மறுபடி நகர்த்துங்கள். கையை வைத்துக்கொண்டே அளந்தால் உங்கள் கையைத்தான் அளப்பீர்கள். பல ஆன்டெனாக்கள் கொண்ட புதிய ரவுட்டர்களில், ஓர் ஆன்டெனா பள்ளத்தில் விழுந்தால் இன்னொன்று மேட்டில் இருக்கும். அதனால் இந்தத் தொல்லை அவற்றில் குறைவு. ஒரே ஆன்டெனா கொண்ட சிறிய கேமராக்களிலும் பழைய பிரிண்டர்களிலும்தான் இது பாடாய்ப் படுத்தும். அந்த மாதிரி இடத்தில் ரவுட்டரை விட்டுவிட்டுக் கேமராவையே ஒரு சாண் தள்ளி மாட்டுவது சுலபம்.

பெரிய உலோகப் பரப்பை ஒட்டி ஆன்டெனாவை வைத்திருந்தால் முதலில் அதை விலக்கி வையுங்கள். ஒரு முழம் இடைவெளியே பெரிய மாற்றம் தரும்.

அறிகுறி: கீழே நன்றாக இருக்கிறது, மாடியில் இல்லை

கொம்புபோல நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவை எல்லோரும் துப்பாக்கிபோலத் தங்கள் அறையை நோக்கித் திருப்புகிறார்கள். அந்தக் கொம்பின் நுனிதான் அதன் மிகப் பலவீனமான திசை. குச்சியில் செருகிய உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள்: குச்சி ஆன்டெனா, வடை சிக்னல். குச்சி நின்றால் வடை தரைக்கு இணையாகப் பக்கவாட்டில் பரவும். நேர் மேலேயும் நேர் கீழேயும் ஓட்டை.

ஒரே தளத்துக்கு எல்லா ஆன்டெனாக்களும் செங்குத்தாக நிற்கட்டும். மேல்தளத்துக்கும் வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கவைத்துவிடுங்கள். அதன் வடை எழுந்து நின்று மேலும் கீழும் பரவும். எல்லாவற்றையும் படுக்கவைக்க வேண்டாம்.

"அதிகத் திறன்" என்று எழுதி விற்கும் நீளமான ஆன்டெனாவை வாங்கி மாட்டியபின் மாடியில் முன்பைவிட மோசமாகிவிட்டது என்ற புகாரும் இதன் உறவுக்காரன்தான். ஆன்டெனா புதிதாக ஆற்றலை உண்டாக்குவதில்லை. இருப்பதை ஒரு திசைக்குத் திரட்டித் தருகிறது. எவ்வளவு திரட்டுகிறது என்பதைக் காட்டும் அளவுதான் டிபிஐ. சாதாரணக் குச்சி ஆன்டெனாவின் திறன் 2 டிபிஐக்குச் சற்று மேல். 9 டிபிஐ போட்டால் வடை நசுங்கித் தோசையாகிவிடும். பக்கவாட்டில் தூரம் போகும், மேலே ஒன்றும் கிடைக்காது.

கொம்பே இல்லாத ரவுட்டரில் ஆன்டெனாக்கள் உள்ளே இருக்கின்றன. அது நிற்க வேண்டியதா, படுக்க வேண்டியதா என்பதை அடியில் உள்ள ரப்பர் கால்களே சொல்லும். இடம் போதவில்லை என்று நிற்பதைப் படுக்கவைத்தால் சிக்னலும் திசைமாறிப் போகும்.

அறிகுறி: குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் கெடுகிறது

சில நிமிடங்கள் கெட்டு, தானே சரியாகி, அதுவும் உணவு வேளையில் என்றால் மைக்ரோவேவ் அடுப்பைப் பாருங்கள். அது வேலை செய்வது 2.45 கிகாஹெர்ட்ஸில்; கதவிடுக்கில் கசியும் சிறு துளியே வைஃபைக்குப் பேரிரைச்சல். அடுப்புக்கும் ரவுட்டருக்கும் தூரம் கூட்டுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போங்கள். மாலையில் தொடங்கி நள்ளிரவில் தெளிந்தால் அக்கம்பக்கத்து நெரிசல்.

5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் திடீரென மறைந்து, ஒரு நிமிடம் போல கழித்து வேறு சேனலில் திரும்புகிறதா? அந்த அலைவரிசையின் சில பகுதிகளை ராடார்களோடு பகிர்ந்துகொள்கிறோம். ராடாரின் சிக்னல் தென்பட்டால் ரவுட்டர் அந்தச் சேனலைக் காலிசெய்தாக வேண்டும் என்பது விதி. இன்னொரு ராடார் சேனலுக்குப் போனால் அங்கேயும் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டபிறகே பேசத் தொடங்கும். உயரமான மாடியில் ஜன்னலோரம் வைத்த ரவுட்டருக்கு இது அடிக்கடி நேரலாம். சேனலை 36 முதல் 48 வரையுள்ள ஒன்றில் நிறுத்திவிட்டால் தீர்ந்தது.

மூன்றாவது வகை, யாரோ எதையோ அசைப்பது. என் சொந்த மேசையிலேயே பல வாரம் இது நடந்தது. தினமும் காலை எட்டரை மணிக்கு அழைப்பில் குரல் உடையும், ஒன்பதுக்குச் சரியாகிவிடும். ஊரே வேலைக்கு உட்காரும் நேரம், நெரிசல்தான் என்று முடிவுகட்டி சேனலை மாற்றிக்கொண்டே இருந்தேன். ஒரு விடுமுறை நாளில் அதே கோளாறு பத்து மணிக்கு வந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் துணி அலமாரியின் கதவு அகலத் திறந்து நின்றது. கதவின் உட்புறம் ஆளுயர நிலைக்கண்ணாடி. எந்தச் சட்டை போடுவது என்ற யோசனை முடியும்வரை அந்தக் கதவு ரவுட்டருக்கும் என் மடிக்கணினிக்கும் நடுவே காவல் நின்றிருக்கிறது. செயலியைத் திறந்துவைத்துக்கொண்டு காலால் கதவைத் தள்ளினேன்: −74 இருந்தது −61 ஆனது. ரவுட்டரைக் கதவின் மேல்விளிம்புக்கும் மேலே போகும்படி ஏற்றி மாட்டினேன். சட்டை யோசனை இப்போதும் அரை மணி நேரம்தான் எடுக்கிறது, குரல் மட்டும் உடைவதில்லை.

அறிகுறி: கோடுகள் நிறைவாக இருக்கின்றன, ஆனால் எதுவும் போகவில்லை

படம் பார்க்க முடிகிறது, ஆனால் புகைப்படம் அனுப்ப முடியவில்லை; நீங்கள் கேட்கிறீர்கள், எதிர்முனைக்கு உங்கள் குரல் போகவில்லை. இது ஒருவழிச் சாலை நோய். ரவுட்டர் சுவர் மின்இணைப்பில் செருகிய சாதனம், உரக்கப் பேசும். கைபேசி பேட்டரியில் வாழ்வது, முணுமுணுக்கும். ஒலிபெருக்கியில் பேசுகிறவரின் குரல் மைதானத்தின் கடைசிவரை கேட்கும். கடைசி வரிசையில் நிற்பவர் சொல்லும் பதில் மேடைக்குக் கேட்காது. கைபேசியில் தெரியும் கோடுகள் நீங்கள் கேட்பதை மட்டுமே காட்டுகின்றன.

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறங்கள். பல ரவுட்டர்கள் ஒவ்வொரு கருவியிடமிருந்தும் தமக்கு வந்துசேரும் வலுவை அங்கே காட்டும். கைபேசியில் −65, ரவுட்டர் பக்கத்தில் −80 என்றால் விஷயம் விளங்கிவிட்டது. ரவுட்டரின் சக்தியைக் கூட்டும் அமைப்பை ஏற்றுவது இங்கே வீண். இரு திசைக்கும் ஒருசேரப் பயன்படுவது இடமும் ஆன்டெனாவும்தான், ஆகவே ரவுட்டரை அருகே கொண்டுவாருங்கள்.

அறிகுறி: ரிப்பீட்டர் வாங்கியும் பயனில்லை

ரவுட்டரின் சிக்னலைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பெட்டிதான் ரிப்பீட்டர். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? சிக்னல் இல்லாத அறையில். இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். காதில் விழாததை ரிப்பீட்டர் எப்படித் திருப்பிச் சொல்லும்? ரவுட்டரிலிருந்து வரும் எண் −60 முதல் −65 வரை இருக்கும் இடைவழியில் அதை வையுங்கள். ஒரே ரேடியோவில் கேட்பதும் சொல்வதுமாக இருக்கும் ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழ பாதியாகும், அதற்கு மருந்தில்லை. வீடு முழுக்கப் பல பெட்டிகளாகச் சேர்ந்து ஒரே நெட்வொர்க்காக வேலை செய்யும் மெஷ் கருவிகளுக்கும் இடம் பார்க்கும் விதி இதேதான். இரண்டுக்கும் நடுவே லேன் கேபிள் ஓட்ட முடிந்தால் மட்டும் இடம் உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால், துளை போட அனுமதி உள்ள வீட்டில் ரிப்பீட்டரைப் பற்றி யோசிக்கவே மாட்டேன்.

அறிகுறி: இரண்டு கட்டடங்களுக்கு இடையே போட்ட இணைப்பு நிலையாக இல்லை

வெளியில் விதிகள் கொஞ்சம் மாறும். இந்த முனையிலிருந்து அந்த முனை கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. அலை நூல்போலப் போவதில்லை. நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய வெள்ளரிக்காய் வடிவ வெளி ஒன்று அதற்கு வேண்டும். பிரெனெல் மண்டலம் என்பார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 200 மீட்டர் தூரத்துக்கு அதன் நடுப்பகுதியின் ஆரம் சுமார் 2.5 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 5.6 மீட்டர். அந்த ஆரத்தில் குறைந்தது 60 சதவீதம் தடையின்றி இருக்க வேண்டும். அதாவது 200 மீட்டர் இணைப்பில், நடுவில் உள்ள கூரை முகட்டுக்குமேல் பார்வைக்கோடு ஒன்றரை மீட்டராவது உயர்ந்து போகட்டும். உரசிக்கொண்டு போனால் கண்ணுக்குத் தெரியும், சிக்னலுக்கு வலிக்கும்.

திசை பார்க்கும் ஆன்டெனாவைத் திருப்பும்போது ஒரு பொறி உண்டு. பெரிய கற்றைக்கு இருபுறமும் சிறு கற்றைகள் இருக்கும். திருப்பிக்கொண்டே வருகையில் சிறு கற்றையில் ஒரு நல்ல எண் வந்ததும் "கிடைத்துவிட்டது" என்று திருகை இறுக்கிவிடுவோம். அதைத் தாண்டியும் திருப்புங்கள். எண் இறங்கி, மறுபடி ஏறி, முன்னைவிட உயர்ந்தால் முதலில் பிடித்தது குட்டி. இரு முனை ஆன்டெனாக்களும் ஒரே நிலையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று நின்று மற்றொன்று படுத்திருந்தால் 20 டெசிபல்வரை காணாமல் போகும், அதாவது நூற்றில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

ஆன்டெனாவைக் கூரையில் வைத்து, ரேடியோவைக் கீழே அறையில் வைத்து, இரண்டையும் மெல்லிய கோஆக்சியல் கேபிளால் இணைத்திருந்தால் சிக்னல் அந்தக் கேபிளிலேயே தொலைந்திருக்கும். ஆர்ஜி-58 வகைக் கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபல் தின்னும். பத்து மீட்டர் ஓட்டினால் பத்தில் ஒரு பங்குதான் மேலே போய்ச் சேரும். விலை கொடுத்து வாங்கிய பெரிய ஆன்டெனாவின் பலன் முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். ரேடியோவையே ஆன்டெனாவோடு மேலே ஏற்றுங்கள். கீழே வர வேண்டியது லேன் கேபிள்தான். அது 100 மீட்டர்வரை தாங்கும், மின்சாரத்தையும் அதன் வழியாகவே அனுப்பலாம். மின்கம்பிகளிலிருந்து விலகி நில்லுங்கள். கம்பத்துக்கு எர்த் கொடுப்பதை மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

மழையில் அறுகிறது என்றால் பழியை மழையின்மேல் போட வேண்டாம். இந்த அலைவரிசைகளில், இவ்வளவு குறைந்த தூரத்தில், மழைத்துளி செய்யும் சேதம் மிகச் சொற்பம். மழை நனைத்துவிட்டுப் போனதுதான் சேதம் செய்கிறது. வெள்ளரிக்காய் வெளிக்குள் மரக்கிளை நீண்டிருக்கிறதா? நனைந்த இலைகள் தண்ணீர்த் தொட்டியின் குட்டிகள். அவை உலர்ந்ததும், அரை மணியிலோ ஒரு மணியிலோ, இணைப்பு மீண்டுவிடும். ஒரு நாள் முழுக்க வெயில் அடித்தபிறகே மீண்டால், கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் பச்சை படிந்திருக்கும். துடைத்துத் திரும்ப மாட்டுவது வீண், முனையை வெட்டிப் புதுக் கனெக்டர் போடுங்கள். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், அப்போதுதான் அடுக்குகள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்து நீரை வெளியே தள்ளும். கேபிள் பெட்டிக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிப் போய்விடும்.